பட்டம் வாங்கியும் சிலர் ஏன் உடனே வேலைக்குப் போவதில்லை?

சோம்பேறித்தனம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பெரும்பாலும் அது கணக்குதான். முதல் சம்பளத்தை வைத்தே அடுத்த சம்பளமும் பேசப்படும்; குறைவாகத் தொடங்கினால் ஏறி வர வருடங்கள் ஆகும். பொருளாதார மந்தத்தில் பட்டம் பெற்ற கனடா மாணவர்களை ஆராய்ந்தபோது, அந்தச் சம்பளச் சரிவு மறைய சுமார் 10 ஆண்டுகள் ஆனது தெரிந்தது. மந்தம் வரும்போது பலர் மேற்படிப்பில் ஒதுங்க இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், புதியவர்களிடமே 'அனுபவம்' கேட்கும் விளம்பரங்கள். 50 விண்ணப்பம் போட்டும் பதில் வராதவர், 51-வதைத் திறந்து வைத்துக்கொண்டு சுயவிவரத்தின் எழுத்துருவை மாற்றிக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்கு அவர் சும்மா இருக்கிறார்.

ஆனால் ஒன்று, காத்திருக்கவும் பணம் வேண்டும். கல்விக்கடன் தவணை தொடங்கிவிட்டவர் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்வார்.