டொரொண்டோ குளிருக்கு ஹீட் பம்ப் தாங்குமா? கேஸ் ஃபர்னஸை எடுத்துவிடலாமா?

டொரொண்டோ ஸ்காபரோவில் பழைய வீடு, ஏசி பழுதாகிவிட்டது, கேஸ் எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மட்டும் நன்றாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் புது ஏசி வாங்காதீர்கள். அந்த இடத்தில் ஹீட் பம்ப் போடுங்கள். ஃபர்னஸ் இப்போதைக்கு இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் வீட்டிலும் இதே நிலைமைதான் இருந்தது, இதைத்தான் செய்தோம், இப்போது யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்.

ஹீட் பம்ப் என்பது இரண்டு திசையிலும் ஓடக்கூடிய ஏசி, அவ்வளவுதான். இந்தியாவில் ‘ஹாட் அண்ட் கோல்ட்’ என்று விற்கும் ஏசியும் இதே வகை. கோடையில் வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே தள்ளும். குளிர்காலத்தில் ஒரு வால்வு திரும்பி, வெளியிலிருக்கும் சூட்டை உள்ளே கொண்டுவரும். மைனஸ் 10 டிகிரியில் வெளியே ஏது சூடு என்று எல்லாரும் கேட்பார்கள். ஆர்-410ஏ என்ற குளிரூட்டி வாயு சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 50 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதற்கு மைனஸ் 10 நல்ல சூடு. அந்தச் சூட்டை உறிஞ்சி ஆவியாகும் வாயுவை கம்ப்ரஸர் அழுத்தும்போது அதன் வெப்பநிலை எகிறுகிறது, அதை வீட்டுக்குள் விடுகிறோம். ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) கரண்ட் போட்டால் மிதமான குளிரில் மூன்று யூனிட் சூடு கிடைக்கும். கடும் குளிரில் அது இரண்டாகக் குறையும். சாதாரண எலக்ட்ரிக் ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான்.

டொரொண்டோவில் மைனஸ் 20 வரை போகும் இரவுகள் உண்டு, ஆனால் அவை சில நாட்கள்தான். ஜனவரி மாதத்துச் சராசரியே மைனஸ் 4, 5 அளவில்தான் இருக்கும். குளிர் பிரதேசத்துக்கென்று செய்த மாடல்கள் மைனஸ் 25 வரைக்கும் ஓடும். ஆகவே தாங்குமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செலவு கட்டுப்படியாகுமா என்பதுதான் நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய கணக்கு.

ஒரு கன மீட்டர் கேஸை நல்ல ஃபர்னஸில் எரித்தால் சுமார் 10 யூனிட் சூடு வீட்டுக்குள் வரும். அதே சூட்டுக்கு ஹீட் பம்ப் மிதமான குளிரில் 3.3 யூனிட் கரண்ட் எடுக்கும், கடும் குளிரில் 5 யூனிட் எடுக்கும். உங்கள் கேஸ் பில்லை எடுத்து, டெலிவரிக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு கன மீட்டர் என்ன விலை விழுகிறது என்று பாருங்கள். பக்கத்தில் 3.3 யூனிட் கரண்ட் விலையையும் 5 யூனிட் விலையையும் எழுதுங்கள். விடை அங்கேயே தெரிந்துவிடும். பழைய கட்டுரைகளில் வரும் லாபக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். 2025 ஏப்ரல் 1 முதல் வீட்டு கேஸுக்கு இருந்த கார்பன் வரி போய்விட்டதால் கேஸ் மலிவாகிவிட்டது.

இதனால்தான் ஃபர்னஸை வைத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டையும் ஒரே தெர்மோஸ்டாட்டில் இணைத்து, இத்தனை டிகிரிக்குக் கீழே போனால் கேஸுக்கு மாறு என்று அமைக்கலாம். எங்கள் வீட்டில் மைனஸ் 8. 2023-இல் வந்த இரவுக் கட்டணத் திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை கரண்ட் மிக மலிவு. ஆனால் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை அதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. அந்த ஐந்து மணி நேரத்துக்கு ஃபர்னஸ், மற்ற நேரத்துக்கு ஹீட் பம்ப் என்று வைத்தால் நன்றாகப் பொருந்துகிறது. ஃபர்னஸ் ஆயுள் முடியும் நாளில் கேஸ் இணைப்பையே துண்டித்தால் மாதா மாதம் வரும் நிலைக் கட்டணமும் மிச்சம். எனக்கு அதுவே ஆசை. டொரொண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் 2014-இலேயே நிலக்கரி மின்சாரத்தை நிறுத்திவிட்டது. இங்கே வரும் கரண்டில் பெரும்பகுதி அணுவிலிருந்தும் நீரிலிருந்தும் வருவது. அதை விட்டுவிட்டு பேஸ்மென்டில் கேஸ் எரிப்பது மனசுக்கு ஒப்பவில்லை.

அளவு விஷயத்தில் ஏமாறாதீர்கள். மெஷினின் திறனை டன்னில் சொல்வார்கள்; ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு). எங்களுக்கு விலை சொன்ன ஒரு நிறுவனத்தின் ஆள் வீட்டுக்குள் வராமலே, வாசலில் நின்று ‘நாலு டன்’ என்றார். சுவர், ஜன்னல், அட்டிக் இன்சுலேஷன் (கூரைக்கு அடியில் சூடு போகாமல் தடுக்கும் அடுக்கு) எல்லாம் அளந்து, வீட்டுக்கு எவ்வளவு சூடு தேவை என்று பார்க்கும் எஃப்280 என்ற கனடா தர முறையில் கணக்குப் போட்டவர் இரண்டரை டன் போதும் என்றார், அதுவே போதுமாக இருக்கிறது. பெரிதாகப் போட்டால் கோடையில் வீட்டைச் சட்டென்று குளிராக்கிவிட்டு நின்றுவிடும், ஈரப்பதம் அப்படியே இருக்கும், பிசுபிசுப்பு போகாது. உங்களுடையது பழைய வீடு என்பதால் முதலில் அட்டிக் இன்சுலேஷனையும் கதவு ஜன்னல் இடுக்குகளையும் சரிசெய்யுங்கள். அப்புறம் அளவெடுக்கச் சொல்லுங்கள். இன்னும் சின்ன மெஷினே போதும் என்று வரலாம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: காற்று ஃபர்னஸ் மாதிரி சுடச்சுட வராது. 35, 40 டிகிரியில் வெதுவெதுப்பாக, நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். அது பழுது இல்லை. இரவில் தெர்மோஸ்டாட்டைக் குறைத்துவிட்டு காலையில் ஏற்றும் பழக்கத்தையும் விடவேண்டும். ஒரே அளவில் விட்டால்தான் இது சிக்கனமாக ஓடும். ஈரமான குளிரில் வெளியிலிருக்கும் யூனிட்டில் உறைபனி படியும், அதை உருக்க அவ்வப்போது சில நிமிடம் திசை மாறி ஓடும். அப்போது புகை மாதிரி ஆவி கிளம்பும், பயப்பட வேண்டாம். உருகும் தண்ணீர் கீழே மறுபடி உறையும் என்பதால், நடைபாதை ஓரத்தில் வைக்காமல், பனி மூடாத உயரத்தில் ஸ்டாண்டு போட்டு வையுங்கள்.

கடைசியாக, நம் சனங்கள் நிறைய பேர் மாட்டிக்கொண்ட விஷயம். வீடு தேடி வந்து ‘அரசாங்க மானியம், இலவச ஹீட் பம்ப்’ என்று சொல்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். பெரும்பாலும் அது பல வருட வாடகை ஒப்பந்தமாக இருக்கும். மத்திய அரசின் கிரீனர் ஹோம்ஸ் மானியத்துக்குப் புது விண்ணப்பம் வாங்குவது 2024 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. ஃபர்னஸ், ஏசி போன்றவற்றை அழைக்காமல் வாசலுக்கு வந்து விற்பதை ஒன்டாரியோ 2018 மார்ச்சிலேயே தடை செய்துவிட்டது. இப்படி விற்றவர்கள் வீட்டுப் பத்திரத்தின் மேலேயே ஒரு பதிவு போட்டுவைத்து, வீட்டை விற்கும் நேரத்தில் பெருந்தொகை கேட்டார்கள்; அந்தப் பதிவு முறையும் 2024 ஜூனில் ஒழிக்கப்பட்டது. அப்பா அம்மா ஏற்கெனவே வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்றால் தாமதிக்காதீர்கள். ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்த 10 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமலே ரத்து செய்யலாம். எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள்.