ராமேஸ்வரத்தில் கூட்டம் தாங்கவில்லை என்கிறார்களே, இன்னும் போய்ப் பார்க்கத் தகுந்த ஊர்தானா?

தாராளமாகப் போகலாம். ஆனால் சனிக்கிழமை காலை வேனில் வந்து இறங்கி, கோயில், தனுஷ்கோடி, கலாம் நினைவிடம் எல்லாவற்றையும் பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொண்டு கன்னியாகுமரிக்குக் கிளம்புவதாக இருந்தால் வேண்டாம். "கூட்டம், வெயில், வேறொன்றுமில்லை" என்று எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அப்படி வந்து போனவர்கள்தான். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அந்த நேரத்தில் வந்தால் கண்ணில் படுவது அதுதான்.

நான் பிறந்தது பாலத்துக்கு அக்கரையிலுள்ள மண்டபம் என்ற ஊரில், கட்டிக்கொடுத்தது தீவிலேயே உள்ள தங்கச்சிமடத்தில். வெளியூரிலிருந்து வரும் சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுவது பல வருடங்களாக என் பொறுப்பு. கூட்டம் கூடியிருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். முன்பெல்லாம் மூன்றாம் சத்திரத்தில் இறங்கி, அங்கிருந்து வேனிலோ ஜீப்பிலோ மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டுதான் தனுஷ்கோடிக்குப் போக முடியும். 2017-இல் தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு கார், பைக், பஸ் எல்லாமே முனைக்குப் போகின்றன. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய தூக்குப் பாலம் திறந்ததும் ரயில் கூட்டமும் திரும்ப வந்து சேர்ந்துகொண்டது.

ஆனாலும் இந்த ஊரில் கூட்டம் என்பது நேற்று முளைத்த தொல்லை இல்லை. ராமேஸ்வரத்து மண்ணைக் கொண்டுபோய்ப் பிரயாகையில் கரைத்துவிட்டு, கங்கைத் தண்ணீரை எடுத்துவந்து ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. 1914-இல் ரயில் பாலம் வருவதற்கு முன் தோணியில் கடல் தாண்டி வந்தார்கள். அப்படி வந்தவர்களுக்காகத்தான் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரம் கட்டிவைத்தார்கள். ஆகவே கோயிலுக்குள் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். கொஞ்ச நேரம் அந்தக் கூட்டத்தையே பாருங்கள்.

விடியற்காலையில் அக்னி தீர்த்தத்துக் கடலில் முழுகிவிட்டு, சொட்டச் சொட்ட உள்ளே வந்து 22 தீர்த்தங்களுக்கும் வரிசையாகப் போவார்கள். கிணற்று மேட்டில் ஒருவர் நின்றுகொண்டு, கயிற்று வாளியை விட்டு, இழுத்து, அதே வேகத்தில் கீழே நிற்பவர்களின் தலையில் கவிழ்ப்பார். பீகாரோ ராஜஸ்தானோ, தள்ளாத வயதில் ஓர் அம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வழுக்குகிற தரையில் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து வருவார். தண்ணீர் விழுந்ததும் உடம்பு ஒரு குலுங்கு குலுங்கும். கைகூப்பி ஏதோ சொல்லிக்கொள்வார். பாஷை புரியாது. ஆனால் பின்னால் நிற்கிற நமக்கு, சீக்கிரம் நகர மாட்டார்களா என்கிற எண்ணம் போய்விடும். இதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை.

மாற்றுத் துணி கையில் இருக்கட்டும். ஈரத்தோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். போனும் உள்ளே கொண்டுபோக முடியாது. மூன்றாம் பிரகாரத்தை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் மத்தியானம் மூன்று மணிக்கு நடை திறந்ததும் போங்கள். காலையில் தீர்த்தமாடுகிற நெரிசல் அப்போது இருக்காது. 18-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி கட்டி முடித்த பிரகாரம் அது. ஒரு மூலையில் நின்று பார்த்தால் மறுமூலை வரை தூண் தூணாகப் போய்க்கொண்டே இருக்கும்.

தனுஷ்கோடிக்கு நேர்மாறாக, விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் முனையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, நிழலும் இருக்காது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அந்த ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது, அதில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. மாதா கோவில் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. பவளப்பாறைக் கல்லால் கட்டியது, கிட்டே போனால் கல்லில் உள்ள துளைகூடத் தெரியும். அதன் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது. அன்றைக்குச் செத்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இந்தத் தீவில் இருக்கின்றன.

ஆட்களே இல்லாத ஊர் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். தனுஷ்கோடியிலேயே கம்பிப்பாடு என்ற இடத்தில் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டு வாழ்கின்றன. அங்கே நான் எல்லோருக்கும் காட்டுவது ஊற்றுத் தண்ணீரை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் வெறும் மணல். அந்த மணலில் கையால் கொஞ்சம் பறித்தாலே நல்ல தண்ணீர் ஊறும். பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீர் கனம் என்பதால் அதற்கு மேலேயே தங்கி நிற்கிறது. பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். பெண்கள் குழிக்குள் குனிந்து, கிண்ணத்தால் மணல் கலங்காமல் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவார்கள். ஒரு குடம் நிரம்பினால் கொஞ்சம் பொறுத்துத்தான் அடுத்தது. அந்தப் பக்கம் பிளாஸ்டிக்கையும் சாப்பாட்டு மிச்சத்தையும் போடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அது அவர்களுடைய குடிதண்ணீர்.

குளிப்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அரிச்சல்முனையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு கடலும் சேர்கிற இடம், அடியில் இழுப்பு பலம். தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்போம், வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கே குளம் மாதிரி கிடக்கும். மழைக்காலத்தில் வாடைக்காற்று திரும்பியதும் வடக்குக் கடல் முரண்டு பிடிக்கும். பிள்ளைகளோடு கச்சான் காலத்தில் வந்தால் உச்சிப்புளிக்குப் பக்கத்திலுள்ள அரியமான் கடற்கரைக்குப் போங்கள். சவுக்கு நிழலும் உண்டு. மழைக்காலம் முடிகிற சமயம் வந்தால் கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள தண்ணீரில் பூநாரைகளைப் பார்க்கலாம். அந்தப் பகுதியை 2025-இல் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள்.

மீன் சாப்பிடத்தான் வருகிறீர்கள் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலையும் ஏறியிருக்கும். தனுஷ்கோடிக் கடைகளில் பொரிக்கச் சொல்லும் முன்பே விலையைப் பேசிவிடுங்கள்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு, தீவிலிருந்து நேரே ஊர் திரும்புவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பாம்பனில் மெயின் ரோட்டிலிருந்து தெற்கே திரும்பினால் குந்துகால். 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை. அதையொட்டிய சின்னப்பாலத்துப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் முங்கிப் பாசி எடுப்பவர்கள். பாலம் தாண்டி மண்டபம் பக்கம் வந்தால் மரகத நடராஜர் இருக்கும் உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, சேதுக்கரை, கடலுக்குள்ளேயே நவகிரகம் நிற்கும் தேவிபட்டினம், ஏர்வாடி தர்கா, கீழக்கரையின் பழைய பள்ளிவாசல் எல்லாமே ராமநாதபுரத்திலிருந்து சுற்றி வரக்கூடிய தூரம்தான். ராமேஸ்வரத்தில் நிற்கிற கூட்டத்தில் பாதிகூட இங்கே வருவதில்லை.

அலையில் ஆடிப்பாடி நாள் முழுக்கக் கடற்கரையிலேயே கிடக்க வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த ஊர் சரிப்படாது. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் வந்து சேருங்கள். திங்கள் கோயில், செவ்வாய் தனுஷ்கோடியும் குந்துகாலும், புதன் ராமநாதபுரம் சுற்றுவட்டாரம். அறை கோயில் வாசலிலேயே வேண்டும் என்று அலைய வேண்டாம். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் வாடகை குறைவு, பஸ்ஸும் அடிக்கடி உண்டு. டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளையொட்டி வந்தால் மேலே நான் சொன்ன நேரக்கணக்கு எதுவும் உதவாது.