ஏற்றத்தில் எகிறும் செயின்: சைக்கிள் கேள்வி – பதில்

கேள்வி (கோத்தகிரி): ஸ்டீல் ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் ஷாக் உள்ள மலை சைக்கிள்) வைத்திருக்கிறேன். முன்னால் 22-32-44 பல் சக்கரங்கள், பின்னால் ஒன்பது கியர், 11-34 பல் கேசட் (பின் பல்சக்கர அடுக்கு). சமதளத்தில் ஒரு தொல்லையும் இல்லை. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் செயின் ‘டக்’கென்று எகிறுகிறது. கடையில் புதுச் செயின் போட்டார்கள். முன்பைவிட மோசமாகிவிட்டது. இப்போது பின் டிரெயிலியரையும் (செயினைத் தள்ளிக் கியர் மாற்றும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். புதுச் செயின் போட்ட பிறகு மோசமானது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. பெரும்பாலும் கேசட்தான் காரணம்.

செயின் ‘நீண்டுவிட்டது’ என்கிறோம். உண்மையில் தகடு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் பின்னும் (ஊசி), அது உரசும் இடமும் தேய்ந்து, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடிவிடுகிறது. அந்தப் பழைய செயினோடு சேர்ந்தே கேசட் பற்களும் தேய்ந்து அதற்கு ஏற்ற வடிவத்துக்கு வந்துவிடும். அரை அங்குல இடைவெளி கச்சிதமாக உள்ள புதுச் செயினை அதில் போட்டால், உருளைகள் பள்ளத்தின் அடியில் உட்காராமல் பல்லின் சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கும். இழுவை கூடியதும் தாவிவிடும்.

சமதளத்தில் ஏன் தாவுவதில்லை? அங்கே முழு எடையும் பெடலில் இறங்குவதில்லை. 170 மி.மீ. கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) 60 கிலோ எடையை முழுதாக ஒரு பெடலில் இறக்கினால், முன்னால் 32 பல் இருக்கும்போது செயினில் விழும் இழுவை சுமார் 158 கிலோ. 22 பல்லுக்கு இறங்கினால் அதே மிதிக்குச் சுமார் 230 கிலோ. லேசான கியர் காலுக்குத்தான் லேசு, செயினுக்கு அல்ல.

எதையும் வாங்குவதற்கு முன் எங்கே, எந்தத் தாளத்தில் எகிறுகிறது என்று பாருங்கள். பின்னால் நீங்கள் அதிகம் ஓட்டும் ஒன்றிரண்டு பல்சக்கரங்களில் மட்டும் எகிறினால் கேசட். பின்னால் எந்த கியராக இருந்தாலும், முன்னால் ஒரே சக்கரத்தில் மட்டும் எகிறினால் அந்த முன் சக்கரம். எல்லா கியரிலும், சீரான இடைவெளியில் எகிறினால் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது என்று பொருள்: 108 கண்ணிச் செயின் 32 பல்லில் ஓடினால் ஏறக்குறைய மூன்றரைச் சுற்றுக்கு ஒருமுறையும், 22 பல்லில் ஐந்து சுற்றுக்கு ஒருமுறையும் தட்டும். பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால் டிரெயிலியரின் சின்னச் சக்கரங்களைக் கடக்கும்போது அந்தக் கண்ணி மடங்காமல் துள்ளுவதைப் பார்க்கலாம். இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக நெளித்தால் இளகிவிடும். செயினை இணைத்த இடத்தில்தான் இது அதிகம் வரும். கழற்றிய பழைய பின்னையே திரும்ப அடித்திருந்தால் நெளித்துப் பயனில்லை. அந்தப் பின் சுமையில் கழன்றே போகலாம். குவிக் லிங்க் (பின் அடிக்காமல் மாட்டும் இணைப்புக் கண்ணி) போடுங்கள்.

செயின் அசையாமல் இருக்க, பெடல் மட்டும் வெற்றாக ஓர் அங்குலம் முன்னால் விழுந்தால், அது ஃப்ரீஹப்புக்குள் (கேசட் ஏறும் பின் ஹப் பகுதி) இருக்கும் நாய்களின், அதாவது பற்களில் மாட்டி இழுக்கும் சின்னக் கொக்கிகளின் வேலை. கெட்டியான கிரீஸ் அடைத்தால், குளிர்காலக் காலையில் அவை எழும்பாது. பிரித்துக் கழுவி, மெல்லிய எண்ணெய் அல்லது ஃப்ரீஹப்புக்கென்றே விற்கும் கிரீஸை மட்டும் போட வேண்டும். அதுவரை எழுந்து நின்று மிதிக்காதீர்கள். முகம் ஹேண்டில்பாரில் மோதும்.

அடுத்த முறைக்கு: சாதாரண ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 பின் தள்ளி அளந்தால் புதுச் செயின் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. இருக்கும். எட்டு, ஒன்பது, பத்து கியர்ச் செயினை 0.75 சதவீதத்தில், அதாவது 2.3 மி.மீ. கூடியதும் மாற்றுங்கள். 11, 12 கியருக்கு 0.5 சதவீதம், 1.5 மி.மீ. இந்த அளவில் மாற்றிக்கொண்டே வந்தால் ஒரே கேசட் பல செயின்களைத் தாங்கும்.

கேள்வி (திண்டுக்கல்): செயினுக்கு கிரீஸ் தடவலாமா?

பதில்: கூடாது. மண்ணோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சற்று நேரம் கழித்து வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

கேள்வி (வால்பாறை): வலப்பக்கமாக விழுந்தேன். அதிலிருந்து பின்னால் பெரிய பல்சக்கரத்துக்குப் போட்டால் சத்தம். ஒருமுறை செயின் ஸ்போக்ஸ் பக்கம் போய்விட்டது. டிரெயிலியரை மாட்டும் ஹேங்கர் என் சட்டத்தோடு ஒன்றாக வெல்டிங் செய்தது. நிமிர்த்தினால் உடைந்துவிடாதா?

பதில்: ஸ்டீல் சட்டத்தின் பெரிய சலுகையே இதுதான். ஸ்டீல் ஹேங்கரை நிமிர்த்தலாம். அலுமினிய ஹேங்கர் என்றால் புதிதாக மாற்றிவிடுவதே மேல், நிமிர்த்திய இடத்தில் விரிசல் விடும். ஆனால் நிமிர்த்தும்வரை அந்தப் பெரிய பல்லைத் தொடாதீர்கள். ஏற்றத்தில் டிரெயிலியர் ஸ்போக்ஸில் மாட்டினால் டிரெயிலியர், ஹேங்கர், கம்பிகள் எல்லாம் ஒரே அடியில் போகும்.

முறையான கருவி, ஹேங்கர் கேஜ். டிரெயிலியரைக் கழற்றி அந்தத் துளையில் அதை முறுக்கி, ரிம்மின் மேல், கீழ், முன், பின் ஆகிய நான்கு இடத்திலும் இடைவெளியைப் பார்க்க வேண்டும். வேறுபாடு 4 மி.மீ.க்குள் இருந்தால் போதும். ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் இழுத்து அளந்து, மறுபடி இழுக்க வேண்டும். கேஜ் இல்லாத ஊரில் ஒரு வழி: ஹேங்கர் துளையின் மரை எம்10×1. நல்ல பின்சக்கர ஹப்கள் பலவற்றின் அச்சுக்கும் இதே மரைதான். வேறொரு பின்சக்கரத்தின் அச்சை ஹேங்கரில் முறுக்கினால் இரண்டு சக்கரமும் அருகருகே நிற்கும். இணையாக நிற்கின்றனவா என்று கண்ணாலேயே தெரியும். மலிவு ஹப்களில் மரை வேறாக இருக்கும். கையால் முறுக்கும்போது சுலபமாக ஏறவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

நிமிர்த்திய பிறகு வரிசை முக்கியம். முதலில் டிரெயிலியரில் உள்ள எல் ஸ்க்ரூவை வைத்து, பெரிய பல்லுக்கு அப்பால் செயின் போகாதபடி எல்லையைப் பூட்டுங்கள். அடுத்து, கேசட்டிலிருந்து டிரெயிலியரின் இடைவெளியை மாற்றும் பி ஸ்க்ரூ: உங்கள் வகை கேசட்டில் பெரிய பல்லுக்கும் மேல் சின்னச் சக்கரத்துக்கும் இடையே 5-6 மி.மீ. கேபிள் இறுக்கம் கடைசியில். பலர் கேபிளில் தொடங்கி, வளைந்த ஹேங்கரைக் கேபிளால் சரிசெய்யப் பார்க்கிறார்கள். இரண்டு கியர் சரியாகும், மூன்றாவது கெடும்.

கேள்வி (நுவரெலியா): எனது ஸ்டீல் ஹார்ட்டெயிலில் பின் அச்சு கிடைமட்டப் பிளவில் நிற்கும். பலமாக ஏறும்போது டயர் இடப்பக்கச் சட்டத்தில் உரசுகிறது. ரிம் நேராகத்தான் இருக்கிறது.

பதில்: செயின் வலப்பக்கம் இருப்பதால் அச்சின் வலமுனையை முன்னால் இழுக்கிறது. டயரின் முன்பகுதி இடப்பக்கம் சாய்கிறது. பிடி போதவில்லை. குவிக் ரிலீஸ் (லீவரால் அச்சை இறுக்கும் வகை) என்றால், இறுக்கும் கேம் வெளியே தெரியும் இலகு ரகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே மூடிய பழைய பாணி ஸ்டீல் ரகத்தை மாட்டுங்கள். எடை கூடினாலும் பிடி பலமடங்கு. அச்சு உட்காரும் முகத்தில் பெயின்ட், கிரீஸ் இருந்தால் துடைத்தெடுங்கள். லீவர் சட்டத்துக்குச் செங்குத்தாக நிற்கும் நிலையிலேயே எதிர்ப்பு தொடங்க வேண்டும். மூடி முடித்ததும் உள்ளங்கையில் அதன் தடம் பதிய வேண்டும்.

கேள்வி (சேலம்): ஏற்காடு ஏறுகிறேன். 29 அங்குலச் சக்கரம், 22-32-44 முன், 11-34 பின். முன்னால் ஒற்றைச் சக்கரமாக மாற்றினால் தொல்லை தீருமா?

பதில்: முன் டிரெயிலியர் தொல்லை தீரும், ஏறும் திறன் கூடாது. இப்போது உங்கள் மிக லேசான கியர் 22×34. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 5.3 கி.மீ. 32×42 வைத்தால் 6.3 கி.மீ. வேகத்தில் மிதித்தாக வேண்டும். செங்குத்தில் அந்த ஒரு கி.மீ. முழங்காலில் தெரியும். 32×46 என்றால் 5.7. பழைய கேசட்டுக்கு நெருங்க 32×51 வேண்டும், அது 5.2. இதற்கு 11 கியர் 11-51 கேசட் இருக்கிறது, உங்கள் பழைய ஃப்ரீஹப்பிலேயே ஏறும். 12 கியர் 10-51 ஏறாது. கூடவே ஷிஃப்டர், பின் டிரெயிலியர், செயின், முன்னால் தடித்த பல்லும் மெல்லிய பல்லும் மாறிமாறி வரும் 32 சக்கரம் எல்லாம் மாற வேண்டும். 44×11 போய்விடும் என்பதால் இறக்கத்திலும் தார்ச்சாலையிலும் கால் வெற்றாகச் சுற்றும். முன் ஷிஃப்டர் ஒழுங்காக வேலை செய்தால், தார்ச்சாலை ஏற்றத்துக்கு இந்தச் செலவு வீண் என்பது என் கருத்து.

கேள்வி (நாமக்கல்): கொல்லிமலைக் காட்டுப் பாதையில் மழைக்குப் பிறகு 22 பல்லுக்கு இறக்கினால் செயின் கீழே விடுபடாமல் முன் சக்கரத்தோடு மேலே ஏறி, சட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது.

பதில்: சேறு அரைப் பங்கு, கொக்கிபோல வளைந்த பல் அரைப் பங்கு. மாட்டியதும் மிதியை அந்த நொடியே நிறுத்துங்கள். இன்னொரு மிதி வைத்தால் செயின் ஸ்டேயின் (பின் அச்சுக்குப் போகும் சட்டக் குழாய்) உலோகத்தையே சுரண்டும். பெடலைப் பின்னால் திருப்பி விடுவியுங்கள். பல் விளிம்பில் எழும்பிய பிசிறை அரத்தால் தேய்த்துவிடலாம். பல் சாய்ந்திருந்தால் புதிய 22 ஸ்டீல் சக்கரம் வாங்குங்கள், அலுமினியத்தில் வேண்டாம். நான்கு போல்ட் ரகம் பெரும்பாலும் 64 மி.மீ. போல்ட் வட்டம். 32-லிருந்து 22-க்கு, ஏற்றம் காலைப் பிடிப்பதற்கு முன்பே, மிதியைத் தளர்த்தி இறக்குங்கள். சுரண்டிய இடத்தில் அன்றே பெயின்ட் தொட்டு வையுங்கள். ஸ்டீல், அடுத்த மழைக்குத் துருப்பிடிக்கும்.

கேள்வி (கொடைக்கானல்): ஏறும்போது மட்டும் ‘கிறீச்’. பிபி (கிராங்க் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்) போய்விட்டதா?

பதில்: எழுந்து மிதித்தால் சத்தம் நின்றால் சீட் போஸ்ட். கழற்றித் துடைத்து கிரீஸ் போடுங்கள். ஸ்டீல் சட்டத்தில் அலுமினியப் போஸ்ட்டைப் பல மாதம் தொடாமல் விட்டால் ஒட்டிக்கொண்டு வராமலே போகும். எழுந்தும் சத்தம் வந்தால் பெடல் மரையைப் பாருங்கள் (இடப் பெடலுக்கு எதிர்த்திசை மரை), பிறகு முன் சக்கரப் போல்ட்டுகள். கடைசியாக பிபி: வழக்கமான ஆங்கிலேய மரையில் வலக் கப் எதிர்த்திசை, கிரீஸ் போட்டு 35-50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். வாட்டர் சர்வீஸில் கொடுத்துக் கழுவும் பழக்கம் இருந்தால் பிபி ஓட்டுக்குள் தண்ணீர் நிற்கும். கழற்றும்போது அடியில் இருக்கும் வடிகால் துளை அடைபட்டிருக்கிறதா என்றும் ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள்.