இலவசமாகப் புகைப்படம் எடுத்துக் கொடுத்தவர் எப்போது, எப்படிக் காசு கேட்பது?

முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் படங்களைப் பார்த்துவிட்டுத் தேடி வந்து கேட்கிறாரா? அப்போதே கேட்கலாம். ஆனால் அதை நம்பி, இருக்கிற வேலையை உடனே விட்டுவிட வேண்டாம்.

விலை சொல்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கேமராவோடு நிற்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டு மணி நேரம் எடுத்த படங்களைப் பொறுக்கி, நிறம் திருத்தி அனுப்பவே ஒரு நாள் முழுக்கப் போய்விடும். லென்ஸ் தேய்மானம், பயணச் செலவு, வரி எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும்.

எத்தனை படங்கள், எந்தத் தேதிக்குள், எத்தனை முறை திருத்தம், விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். முன்பணம் வராமல் தேதியை ஒதுக்காதீர்கள்.

அப்புறம், நெருங்கிய நண்பருக்கு இலவசமாகச் செய்தாலும் ரசீதில் முழுத் தொகையைப் போட்டு, தள்ளுபடி என்று காட்டுங்கள். அவர் சொல்லி வரும் அடுத்தவர் விலை தெரிந்தே வருவார்.