விளையை அடகு வைத்து அந்த சீட்டு வேண்டாம்

குலசேகரம் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் அம்மாவும் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தார்கள். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில், தமிழ் வழியில், கணினி அறிவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மதிப்பெண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொந்தக்காரர்கள் சொல்கிற கல்லூரியில் சொல்கிற பிரிவு கவுன்சிலிங்கில் கிடைக்கும் அளவுக்கு இல்லை. துபாயில் இருக்கும் சித்தப்பா தினமும் கூப்பிட்டு, “ஏஐ – டேட்டா சயின்ஸ் எடுத்தா படிப்பு முடியுமுன்னே வேலை, மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிடு” என்கிறாராம். இது ஒரு கவலை. இன்னொன்றை அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ராத்திரியெல்லாம் லேப்டாப்ல இருக்கிறதை அழிச்சு அழிச்சு என்னவோ போடுறா சார். பிள்ள அதைக் கெடுத்துடுவாளோன்னு பயமா இருக்கு.”

அன்று நேரம் போதவில்லை. இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால், அவர்கள் சம்மதத்தோடு இங்கேயே எழுதுகிறேன்.

அம்மா, கவலைப்படாதீர்கள் என்று சொல்லித்தான் உங்களை அனுப்பினேன். லேப்டாப் விஷயத்தில் அது சரி. பணத்தைப் பொறுத்தவரை நீங்கள் இப்போது படுவதைவிட அதிகமாகவே கவலைப்பட வேண்டும்.

நீங்கள் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். நான்கு வருடத்துக்குக் கட்டணம், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 7 லட்சம். அதைக் கடனாக வாங்கினால், 10.5 சதவீத வட்டியில் 7 வருடத் தவணைக்கு மாதம் ஏறத்தாழ 11,800 ரூபாய். படிக்கிற காலத்துக்கான வட்டி இதில் சேரவில்லை. மழை பிடித்தால் ரப்பர் பால்வெட்டு நிற்கும், தவணை நிற்காது. உங்கள் வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி. அந்தச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. பொறியியலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடும் உதவி பெறும் பள்ளியில் படித்த இவளுக்கு வராது. ஆக, எந்தக் கையும் தாங்காத முழுச் சுமை இது. அதற்காக அறுபது சென்ட் ரப்பர் விளையை, அதாவது தோட்டத்தை, அடகு வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அந்த ஏஐ பிரிவைக் குறை சொல்லவில்லை. புள்ளியியலிலும் கணிதத்திலும் மனம் ஒட்டுகிற பிள்ளைக்கு அது நல்ல படிப்பு. உங்கள் மகளிடம் நேராகவே கேட்டேன். கணக்கு வரும், ஆனால் பிடிக்காது என்றாள். “ஒரு மெஷின் ஏன் ஆன் ஆகலைன்னு கண்டுபிடிக்கிறது பிடிக்கும்” என்றாள். பதினேழு வயதில் இவ்வளவு தெளிவாகச் சொல்கிற பிள்ளைகள் குறைவு. சித்தப்பாவின் அக்கறை உண்மைதான். ஆனால் நான்கு வருடம் வகுப்பில் உட்காரப் போவது அவர் இல்லை. “எஞ்சினியர்னா நல்ல வரன் வரும்” என்று யாரோ சொன்னதை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

நீட், டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. உங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிற ஒன்றைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

அவளிடம் இருப்பது மாமா மகனுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப். அந்த வரிசை லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. விண்டோஸ் மாதிரியே கணினியை இயக்குகிற, ஆனால் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய மென்பொருள்தான் லினக்ஸ். டெபியன் என்ற லினக்ஸை வைத்து மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது அது. பலரும் திறந்துகூடப் பார்க்காத அந்தப் பக்கத்தை இவள் திறந்தாள், அங்கிருந்து உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸுக்குப் போனாள். இப்போது அவள் ‘அழித்து அழித்துப் போடுவது’ லுபுண்டுவின் வெளியீட்டுக்கு முந்தைய பதிப்புகளை. உபுண்டு குடும்பத்தில் பழைய மெஷின்களுக்கு ஏற்ற லேசான பதிப்பு லுபுண்டு.

உபுண்டு 2004 அக்டோபரிலிருந்து வருகிறது. வருடத்துக்கு இரண்டு பதிப்பு, ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. 24.04 என்றால் 2024 ஏப்ரல். வெளியீட்டு நாளுக்கு முந்தைய மாதங்களில் அனேகமாகத் தினமும் புதிதாக ஒரு ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது நிறுவுவதற்கான முழுத் தொகுப்பு, தயாராகிறது. அதை டெய்லி பில்ட் என்பார்கள். அது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்களில் பெரும்பங்கு உலகம் முழுக்க வீட்டிலிருந்து வேலை செய்கிற தன்னார்வலர்கள். லுபுண்டு, சுபுண்டு மாதிரி சிறிய குழுக்களுக்கு இவர்கள் இல்லாவிட்டால் சோதனையே இல்லை.

சோதனை என்றால் சும்மா போட்டுப் பார்ப்பது இல்லை. கோப்பை இறக்கியதும், அது பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் செக்சம் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். பென் டிரைவில் எழுதி பூட் செய்ய வேண்டும். டிஸ்க் முழுவதையும் அழித்து ஒரு முறை, விண்டோஸுக்குப் பக்கத்தில் ஒரு முறை, டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டி ஒரு முறை, இன்டர்நெட் இல்லாமல் ஒரு முறை என்று நிறுவ வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு டெஸ்ட் கேஸ். தேறியதா இல்லையா என்று பதிவு செய்ய வேண்டும், தேறவில்லை என்றால் பக், அதாவது கோளாறு, பதிவின் எண்ணோடு. ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குமிழும் கறுப்பும் பார்த்துத் தரம் பிரிக்கிறவரை அப்பாவுக்குத் தெரியும். சரக்கு கைமாறுவதற்கு முன்னால் நடக்கிற அந்த வேலைதான் இது.

அவள் பையில் ஒரு இருநூறு பக்க நோட்டு இருந்தது. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். மேலே ஐஎஸ்ஓவின் தேதி, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பதிப்பு, வைஃபை சிப்பின் பெயர். கீழே அவள் கையெழுத்தில்: “மூடித் திறந்தால் வைஃபை இல்லை. சார்ஜர் மாட்டியிருந்தால் வருகிறது. பேட்டரியில் வரவில்லை. மூன்று தடவை பார்த்தேன். போன வார ஐஎஸ்ஓவில் வந்தது.”

கடைசி வரியைப் பாருங்கள். நேற்று வேலை செய்தது இன்று ஏன் செய்யவில்லை என்று பிடிப்பதுதான் டெஸ்டிங்கில் கஷ்டமான பகுதி. சம்பளம் வாங்குகிற பலர் “வைஃபை வேலை செய்யலை” என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள். இவள், உபுண்டு கோளாறுகளைப் பதிவு செய்யும் லாஞ்ச்பேட் தளத்தில் பக் போட்டாள். உபுண்டு-பக் என்ற கட்டளை தேவையான விவரங்களைத் தானே சேர்த்து அனுப்பிவிடும். யாரோ ஒரு டெவலப்பர் மெஷினுக்குள் நடந்ததைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் பதிவைக் கேட்டார், கொடுத்தாள். இன்னொருவர் தன் மெஷினிலும் அப்படியே என்று எழுதியதும் நிலை ‘கன்ஃபர்ம்ட்’ என்று மாறியது. சில வாரம் கழித்து ‘ஃபிக்ஸ் ரிலீஸ்டு’, அதாவது திருத்தம் வெளியாகிவிட்டது. தமிழ் வழியில் படித்தவளுக்கு ஆங்கிலம் வருமா என்று கேட்டீர்களே, நான்கு வரி ஆங்கிலத்தில் வேலையை முடித்திருக்கிறாள்.

இதையெல்லாம் இப்போது இயந்திரமே செய்யாதா என்று அப்பா கேட்டார். ஒரு பகுதியைச் செய்கிறது. ஃபெடோரா, ஓபன்சூசே என்ற வேறு லினக்ஸ்களில் ஓபன்கியூஏ என்ற தானியங்கி, பதிப்புகளை ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை பெரும்பாலும் மெய்நிகர் கணினியில், அதாவது மென்பொருளாலேயே உருவான கணினியில், நடக்கிறது. மூடித் திறந்ததும் வைஃபை எழுந்திருக்காத பழைய லேப்டாப் அங்கே இல்லை. 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10, சில லெனோவா லேப்டாப்புகளில், ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற பயாஸையே பாழாக்கியது. அந்த டிசம்பரில் அதன் டவுன்லோடை நிறுத்திவைத்து, திருத்திய ஐஎஸ்ஓவை 2018 ஜனவரியில் விட்டார்கள். எவ்வளவு வகை வகையான மெஷின்களில் பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இன்னொன்று. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் ஒரு செய்தியை வெளியிட்டார். டெபியனின் ‘அன்ஸ்டேபிள்’ என்ற வளர்ச்சிப் பதிப்பில், தூரத்திலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழைகிற எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. தோண்டிப் பார்த்தால், எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருள் பொதிக்குள் (பேக்கேஜ்) யாரோ திட்டமிட்டு, ரகசியமாக நுழைய ஒரு பின்கதவு வைத்திருந்தார்கள். பெரிய லினக்ஸ்களின் நிலைப் பதிப்புகளுக்குள் அது போய்ச் சேருவதற்கு முன்பே பிடிபட்டது. அதன் காரணமாக உபுண்டு 24.04-இன் பீட்டா என்ற முன்னோட்டப் பதிப்பையே ஒரு வாரம் தள்ளிவைத்து, பொதிகளைத் திரும்பவும் உருவாக்கினார்கள். அரை விநாடியை ‘சரி, போகட்டும்’ என்று விடாத குணம் எந்த மேனேஜ்மென்ட் சீட்டோடும் வராது. உங்கள் பிள்ளையிடம் அது இருக்கிறது.

மக்களே, உனக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லுபுண்டுவோடு நிற்காதே. ஃபெடோராவில் டெஸ்ட் டே என்று நாள் குறித்து, கர்னல், நோம் என்ற திரைமுகப்பு என்று ஒரு பகுதியை எடுத்து எல்லோரும் சேர்ந்து சோதிப்பார்கள். போதி என்ற இடத்தில் புதிய பொதிக்கு நீ ப்ளஸ் ஒன், மைனஸ் ஒன் என்று கர்மா மதிப்பெண் போடலாம். மோசமான பக் என்றால் அதை பிளாக்கர், அதாவது வெளியீட்டைத் தடுக்கும் கோளாறு, ஆக்கும்படி யாரும் முன்மொழியலாம். அது சரியாகாவிட்டால் வெளியிடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கோ/நோ-கோ கூட்டத்தில் வெளியீட்டையே தள்ளிப்போடுவார்கள். டெபியனையும் நிறுவிப் பார்த்து அறிக்கை அனுப்பு. மீதியை இன்டர்நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் அதன் நெட்இன்ஸ்ட் கோப்பு ஒரு ஜிபிக்கும் குறைவு, உன் டேட்டாவுக்குத் தாங்கும். உபுண்டு ஐஎஸ்ஓவை ஒவ்வொரு நாளும் முழுசாக இறக்காதே. இசட்-சிங்க் என்ற கருவி, மாறிய பகுதியை மட்டும் கொண்டுவரும்.

அப்புறம், தமிழ். நிறுவும்போது முதல் திரையிலேயே தமிழைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கிறவர்கள் மிகக் குறைவு. பொத்தானுக்குள் தமிழ்ச் சொல் அடங்குகிறதா, பாதியில் வெட்டுப்படுகிறதா? ‘கொ’வும் ‘ஸ்ரீ’யும் உடையாமல் வருகின்றனவா? தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து நிறுவிய பிறகு, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் ஆங்கிலத்துக்கு மாற வழி இருக்கிறதா, இல்லை பூட்டிய வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதானா? இவற்றைத் தமிழ் தெரிந்தவள்தான் சொல்ல முடியும். களியக்காவிளை தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் உபுண்டு அடிப்படையிலான லினக்ஸில் தங்கள் மொழியிலேயே படிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் தமிழ்த் திரை பழுதில்லாமல் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு உன்னைப் போல நான்கு பேர் வேண்டும்.

இனி அம்மா அப்பாவுக்கு. இந்தச் சோதனை வேலைக்குச் சம்பளம் கிடையாது. அதை மறைத்துப் பேச மாட்டேன். இதை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. பட்டம் வேண்டும். பி.எஸ்சி கணினி அறிவியலோ பிசிஏவோ படிக்கட்டும். நாகர்கோவிலில் அரசு உதவி பெறும் கல்லூரிகள் இருக்கின்றன, கோணத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. உதவி பெறும் கல்லூரியில் சேரும்போது ஒன்றை மட்டும் வாய்விட்டுக் கேளுங்கள்: இந்த சீட் எய்டடா, சுயநிதிப் பிரிவா? ஒரே வளாகத்துக்குள் கட்டணம் பல மடங்கு மாறும். ஆறு முதல் பன்னிரண்டு வரை உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரியில் சேர்ந்ததும் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்று வருடப் படிப்போடு இந்தச் சோதனையும் விடாமல் நடந்தால், படிப்பு முடியும்போது அவள் பெயரில் பொதுவெளியில் யாரும் திறந்து பார்க்கக்கூடிய பக் ரிப்போர்ட்டுகள் இருக்கும். லினக்ஸ் நிர்வாகம், சாஃப்ட்வேர் டெஸ்டிங், மென்பொருளை உருவாக்கி ஓடவைத்துப் பராமரிக்கும் டெவ்ஆப்ஸ் வேலைகளுக்கு நேர்முகத்தில் கேட்பது இதைத்தான்: ஒரு கோளாறை எப்படித் தேடினாய், சொல். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் நடத்தும் ஆர்ஹெச்சிஎஸ்ஏ என்ற சான்றிதழ்த் தேர்வும் எழுத்துத் தேர்வு இல்லை, மெஷின் முன்னால் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். பதினெட்டு வயது ஆனபின் கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் வேலை பழக்கும் அவுட்ரீச்சி பயிற்சிக்கும் விண்ணப்பிக்கலாம். மூன்று மாதம் வீட்டிலிருந்தே வேலை, 7,000 டாலர் ஊக்கத்தொகை. போட்டி கடுமைதான், ஆனால் ஏற்கெனவே திட்டங்களுக்குள் வேலை செய்து பழகியவளுக்கு முதல் படி கடந்த மாதிரி. வேலைக்குத் துபாய்தான் போக வேண்டும் என்றில்லை. திருவனந்தபுரம் டெக்னோபார்க் 1990 முதல் இருக்கிறது, நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைக் கேள்விப்பட்டு ‘லினக்ஸ் டெஸ்டிங் கோர்ஸ்’ என்று யாராவது நாற்பதாயிரம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்தச் சமூகங்களில் சேரவும் கற்கவும் கட்டணமே கிடையாது. தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் பற்றிப் படிக்க கணியம் என்ற இணைய இதழ் இருக்கிறது.

திங்கட்கிழமை அந்தக் கல்லூரியில் கட்ட வைத்திருக்கும் முன்பணத்தைக் கட்ட வேண்டாம். அதில் ஒரு பங்கை எடுத்து, 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பாடத்துக்கும் வீட்டுக் கணக்குக்கும் ஒன்று, சோதனைக்கு மட்டும் ஒன்று என்று இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். சோதனை மெஷினில் குடும்பப் போட்டோ, ஆதார் நகல் எதுவும் வைக்கக் கூடாது, அது எந்த நேரமும் அழியும். டவுன்லோடை ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம், கண் விழித்துக் காத்திருக்கத் தேவையில்லை என்று அவளிடமும் சொல்லியிருக்கிறேன். பதினொரு மணிக்கு மேல் அவள் லேப்டாப் முன்னால் உட்காரக் கூடாது என்று நீங்கள் கண்டிப்பாக இருங்கள். சித்தப்பா அடுத்த முறை கூப்பிடும்போது என் நம்பரைக் கொடுங்கள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த நோட்டைத் திறந்தே பேசுகிறேன்.