மட்டியும் தேவாங்கும்

அன்புள்ள ஐயா,

இரண்டு உயிர்களை ஒப்பிட்டு எழுதிவரும்படி மகளுக்குப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அவள் மட்டி என்ற சிப்பியையும் மடகாஸ்கர் தீவின் லெமூரையும் எடுத்திருக்கிறாள். தலையே இல்லாத மட்டியைக் குரங்குக்கு உறவான லெமூரோடு எப்படி ஒப்பிடுவது? எது மேம்பட்டது என்று முடிக்கலாம்? லெமூரியாக் கண்டத்தையும் சேர்க்கலாமா?

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

மகள் நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள். நீங்கள் புகுந்து கெடுக்காமல் இருந்தால் சரி.

லெமூரியா வேண்டாம். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே சாயலில் விலங்குகள் இருப்பதைப் பார்த்துக் குழம்பிய ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேயர் 1864இல் ஊகித்த கண்டம் அது. கண்டங்களே நகரும் என்று தெரிந்தபின் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. அதைக் குமரிக்கடலில் கொண்டுவந்து போட்டது நம் ஆர்வக்கோளாறு.

என்னை உறுத்துவது அந்த 'மேம்பட்டது'. மூளையில்லாதவனை மட்டி என்கிறோம். பேந்தப் பேந்த விழிப்பவனைத் தேவாங்கு என்கிறோம். தேவாங்கு லெமூரின் ஒன்றுவிட்ட சொந்தம், நம் மலைக்காட்டிலேயே இருக்கிறது. ஆக இரண்டு தரப்புமே நமக்கு வசவு. (நம்மூர் வாழைப்பழமான மட்டிப்பழம் மட்டும் தப்பித்தது.) மட்டிக்கு மூளை இல்லை, உண்மைதான். சில நரம்பு முடிச்சுகளும் மண்ணைத் தோண்ட ஒரு காலும் உண்டு, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஐஸ்லாந்துக் கடலில் ஒரு மட்டி 507 வருடம் வாழ்ந்திருக்கிறது. ஓட்டின் வளையங்களை எண்ணிச் சொன்னார்கள். சவேரியார் நம் கரைக்கு வந்தபோதே அதற்கு நாற்பது தாண்டியிருந்தது. 2006இல் ஆராய்ச்சிக்கென்று பிடித்தவர்கள் கையில்தான் செத்தது. மூளை யாரிடம் இருந்தது?

மணக்குடியிலிருந்து கூடைக்காரம்மா மட்டி கொண்டுவந்தால், மண்ணைக் கக்கட்டும் என்று ஆச்சி உப்புத்தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டுவைப்பாள். விளக்கோடு போய்க் குனிவேன். ஓட்டிடுக்கில் இரண்டு சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். என் நிழல் விழுந்ததும் உள்ளே போய்விடும். காலையில் ஆச்சி வாய் பிளந்து கிடப்பவற்றைக் கரண்டியால் தட்டுவாள். மூடினால் சட்டிக்கு, மூடாவிட்டால் குப்பைக்கு.

"மூடல்லேன்னா செத்ததுன்னு அர்த்தம் மக்களே."

நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதே கரண்டியால் என் மண்டையிலும் ஒன்று விழும்.