ஹகுபாவுக்குக் கார் வேண்டாம்

புத்தாண்டு வாரத்தில் டோக்கியோவிலிருந்து கார் எடுத்து, பனிச்சறுக்கு ஊரான ஹகுபாவுக்குப் போகலாமா, பிள்ளைகள் பனியே பார்த்ததில்லை என்று கேட்டிருந்தீர்கள். கார் வேண்டாங்க. பனிச்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாமல் அந்த மலைப்பாதையில் இறங்குவது ஆபத்து. ஷின்கான்சென் புல்லட் ரயிலில் நகானோ வரை சுமார் ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷனின் கிழக்கு வாசலிலிருந்து ஹகுபாவுக்கு நேரடி பஸ் இருக்கிறது. பெரிய பெட்டிகளை டக்கியூபின் என்ற கூரியர் சேவையில் முன்கூட்டியே ஹோட்டலுக்கு அனுப்பிவிடுங்கள், கைவீசிக்கொண்டு போகலாம்.

அப்புறம், ஹப்போ ஒனே என்ற பனிச்சறுக்குத் தளம் 1998 குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த இடம்தான், ஆனால் முதல் நாளே அங்கே பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இன்னொரு தளமான சுகாய்க்கே கோகெனுக்குக் கூட்டிப்போங்கள்: அதன் அடிவாரம் அகலமானது, சரிவும் மிதமானது. பனிச்சறுக்கை ஆங்கிலத்தில் சொல்லித்தரும் பயிற்சியாளரை இப்போதே பதிவு செய்யுங்கள். தேதியை மாற்ற முடியுமென்றால் ஜனவரி நடுப்பகுதிக்குத் தள்ளுங்கள்: பனி நன்றாகச் சேர்ந்திருக்கும், விடுமுறைக் கூட்டமும் கலைந்திருக்கும்.